ஹெட்டு வேர்த்த இடம்

எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டத்தில், தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில், சிமென்டுத் தரையில் ஒரு முழ நீளத்துக்கு ஓர் இடம் உண்டு. ஐப்பசி பிறந்து காற்றில் ஈரம் ஏறினால் அந்த இடம் மட்டும் வேர்க்கும். சுற்றிலும் தரை காய்ந்து கிடக்க, அது மட்டும் நனைந்து கறுத்துப்போய்க் கிடக்கும். பார்க்கிறவர்கள் மழை ஒழுகுகிறது என்று அண்ணாந்து ஓட்டைப் பார்ப்பார்கள். ஓட்டில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தில் பதினேழு வருசம் ஒரு டீசல் என்ஜினின் இரும்பு மேல்மூடி, சிலிண்டர் ஹெட்டு, கிடந்தது. அதை அங்கே கிடக்க வைத்தவன் நான்.

பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்து இரண்டு மூன்று வருசம் ஆகியிருந்த சமயம். அதுவரை நாங்கள் ராமேஸ்வரத்துக்கு ரயிலில்தான் போவோம். பாலம் வந்ததும் பரமக்குடிப் பக்கம் வாடகைக் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் யோகம் அடித்தது. அய்யாவுக்கு மிளகாயையும் பருத்தியையும் விட்டால் வேறு தொழில் தெரியாது. நான்தான் ஒற்றைக்காலில் நின்று, கண்மாய்க்கரைப் புஞ்சையை விற்க வைத்து, ஒரு பழைய டீசல் அம்பாசிடரை வாங்க வைத்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

"இரும்ப நம்பி மண்ண விக்கிறோம்லே. பாத்து நடந்துக்க" என்றார் அய்யா.

வாங்கிய வேகத்திலேயே என்ஜின் புகை கக்கியது. ராமநாதபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டோம். ஒல்லியான மனிதர், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஷெட்டு என்று பெயர்தான், நாலு கம்பும் ஒரு தகரமும். ஆனால் டாக்சிக்காரர்கள் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். எந்த பார்ட்டைக் கையில் எடுத்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல் புறங்கையால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். மதுரையிலிருந்து வந்த புது ஹெட்டு, கேஸ்கட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் என் கண் முன்னால் டப்பா பிரித்துத்தான் மாட்டினார்.

வண்டியை எடுக்கப் போன அன்று சொன்னார். "ரெண்டு வருசத்துக்கு நீ இதத் தொட வேண்டியதில்ல தம்பி. இடையில ஏதும்னா நான் பொறுப்பு. ஒண்ணே ஒண்ணு, ரேடியேட்டருக்கு நல்ல தண்ணிதான். ராமேஸ்வரம் போறப்ப ஊருலருந்து கேன்ல கொண்டுட்டுப் போயிரு. கரையோரத்துத் தண்ணிய மட்டும் ஊத்திராத. இரும்பு உப்பத் தாங்காது."

"சரிண்ணே" என்றேன்.

முதல் ஓட்டமே ராமேஸ்வரம்தான். அய்யாவையும் ஆத்தாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் அங்கே கொண்டுபோய், அக்னி தீர்த்தக் கடல் தண்ணீரை மேலே தெளித்து, மாலை போட்டுக் கொண்டுவருவது உண்டு. அய்யா முழுகி எழுந்து கோயிலுக்குள் போய்விட்டார். ஆத்தா ஈரச் சேலையோடு ஒரு செம்பு நிறையக் கடல் தண்ணீரை மொண்டுகொண்டு வண்டியிடம் வந்தது. மேலே தெளித்த பிறகும் செம்பில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது.

"வாங்குனதுலருந்து இதுக்கு சீக்குதான். உள்ளயும் ஒரு வாய் ஊத்துய்யா. ஒரேயடியா நல்லாயிரட்டும்" என்றது.

மெக்கானிக் சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நன்றாக ஞாபகம் வந்தது. ஒரு செம்புதானே, அதில் என்ன ஆகிவிடப் போகிறது என்று பானெட்டைத் தூக்கி ஊற்றினேன். ஆத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஒன்றும் ஆகவில்லை. வண்டி மான் மாதிரி ஓடியது. அதுதான் வினை. அடுத்த சவாரியில் வந்தவர்கள் கேன் தண்ணீரில் கால் கழுவிவிட்டார்கள். ரேடியேட்டர் கேட்டது, கடல் பத்தடியில் கிடந்தது. இன்னொரு செம்பு. அதற்கடுத்த சவாரியிலும் அப்படித்தான். சூட்டில் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மட்டும் உள்ளேயே தங்கும். நான் ஊற்ற ஊற்ற அது சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. கடைசியில் கேன் கொண்டு போவதையே விட்டுவிட்டேன். இதை ஆத்தாவின் தலையில் கட்ட முடியாது. அது கொடுத்தது முதல் செம்பு மட்டும்தான்.

எட்டாம் மாசம், தை அமாவாசை. பரமக்குடி நெசவுக்காரக் குடும்பத்து அண்ணன் தம்பி இருவர், செத்துப்போன அப்பாவின் அஸ்தியைக் கரைக்க வண்டி பிடித்திருந்தார்கள். பாலம் தாண்டி அக்காள்மடம் வரும்போது பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. பிறகு அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. மூத்தவர் அஸ்திக் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டோரம் வெயிலில் நின்று, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் இன்னொரு கையை நீட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

ஒரு லாரியில் கட்டி இழுத்து ராமநாதபுரம் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிப் புரட்டினார். கையகலத்துக்கு வெடிப்பு. தண்ணீர் ஓடும் துளைகளில் பாதி துரு, பாதி வெள்ளையாகப் பூத்து அடைத்திருந்தது. அவர் அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"என்ன தண்ணி தம்பி ஊத்துன?"

"நல்ல தண்ணிதாண்ணே."

"யோசிச்சுச் சொல்லு."

"நல்ல தண்ணிதாண்ணே" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மறுநாள் அய்யா வந்தார். "ஒரிஜினல் இரும்பு எட்டு மாசத்துல இப்பிடித் துருவேறுமா? நீங்க போட்டது டூப்ளிகேட்டு" என்றார். தண்ணீர்தான் காரணம் என்றார் மெக்கானிக். மதுரைக் கடையில் கேட்டதற்கு, சரக்கில் குறையில்லை, மாட்டினவரைக் கேளுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் காட்ட, காட்ட வேண்டிய ஆள் நான் நடுவில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அய்யா அந்த டாக்சிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "எம் மகன் கோவக்காரன், பொய் சொல்ல மாட்டான்" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். விற்ற புஞ்சை கண் முன்னால் வந்தது. அய்யாவின் முகமும் வந்தது. சொல்லவில்லை.

பேச்சு முடியாமல் போய், எங்கள் ஊர் வழக்கப்படி அய்யனார் கோயிலில் சூடம் அணைத்து முடித்துக்கொள்வது என்று ஆயிற்று. கொளுத்திய சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். மெக்கானிக்தான் அணைப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் பஸ் ஏறி வந்து, கைகால் கழுவி, சாமி கும்பிட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நான் அணைச்சா நீங்க நம்புவீக. ஆனா தண்ணி ஊத்துனது நான் இல்ல, தம்பிதான். நல்ல தண்ணியத் தவிர வேற ஊத்தலன்னு தம்பி அணைக்கட்டும். அணைச்சுட்டா எல்லாத்துக்கும் நான் பொறுப்பு. புது ஹெட்டு போட்டுத் தாரேன்."

நான் உண்மையைச் சொல்ல அவர் எனக்குக் கொடுத்த கடைசி வாய்ப்பு அது என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு என்னை மாட்டிவிடத்தான் பார்க்கிறார் என்று ஆத்திரம் வந்தது. பெண்கள் பக்கம் பார்த்தேன். ஆத்தா நின்றது. என்னைப் பார்த்தது, பிறகு குனிந்துகொண்டது. அது வாய் திறந்திருந்தால் நானும் திறந்திருப்பேன். அதுவும் அப்படியே நினைத்திருக்கலாம். நான் போய், "நல்ல தண்ணியத் தவிர வேற ஊத்தல" என்று சொல்லி, ஓங்கி அடித்து அணைத்தேன். கையில் சூடு தெரியவில்லை.

"சரி தம்பி" என்றார் மெக்கானிக். அவ்வளவுதான்.

பத்து நாளில் தன் செலவில் புது ஹெட்டு மாட்டிக் கொடுத்தார். ஏனோதானோ என்று மாட்டவில்லை, அதன்பிறகு ஆறு வருசம் அந்த என்ஜின் ஒரு தொந்தரவும் தரவில்லை. நானும் மறக்காமல் கேன் கொண்டு போனேன். வண்டியை எடுக்கும்போது, வெடித்த ஹெட்டைச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்தார்.

"இது ஒன்னோடது. வீட்டுல வச்சுக்க" என்றார்.

செய்தி டாக்சி ஸ்டாண்டுக்கு எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. டூப்ளிகேட் போட்டு மாட்டிக்கிட்டவர் என்று பெயர் விழுந்தது. என்னிடம் கேட்டவர்களுக்கு நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். வரிசை குறைந்தது. ஒரு வருசத்தில் கம்பும் தகரமும் போய் அந்த இடத்தில் ஒரு டீக்கடை வந்தது. அவர் கடற்கரை ஊரான மண்டபத்தில் படகு என்ஜின் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஹெட்டை மாட்டுக்கொட்டத்தில் போட்டேன். அந்த ஐப்பசியிலேயே அது வேர்க்க ஆரம்பித்தது. துளைகளிலிருந்து துருத் தண்ணீர் கசிந்து தரையில் இறங்கும். ஆத்தா விடிந்ததும் பழந்துணியால் அதைத் துடைக்கும். வேலைக்கு ஆள் இருந்தாலும் அதைத் துடைப்பது ஆத்தாதான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. அய்யா இரண்டு மூன்று தடவை, "அந்த மெக்கானிக்குப் பய நம்மள ஏமாத்தப் பாத்தான்ல" என்று அதைக் காலால் தட்டிக் காட்டுவார். அப்படி நினைத்துக்கொண்டேதான் செத்துப்போனார்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் கொட்டத்துக்குள் போனால் அதற்கு முதுகு காட்டி நிற்க மாட்டேன். ஆத்தா படுக்கையில் விழுந்த பிறகு, "அந்த எடம் தொடச்சாச்சாய்யா?" என்று கேட்கும். கோடையிலும் கேட்கும். தொடச்சாச்சு என்பேன்.

ஆத்தா போன பிறகு, மாசியில், அந்த ஹெட்டைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டேன். பீடை விட்டது என்று குளித்துவிட்டுச் சாப்பிட்டேன். ஐப்பசி வந்தது. ஹெட்டு கிடந்த இடம், அது கிடந்த அளவுக்கே, நனைந்து கிடந்தது. பதினேழு வருச உப்பு சிமென்டுக்குள் இறங்கியிருந்தது. கொத்திவிட்டுப் புதுசாகப் பூசினேன். அடுத்த ஐப்பசியில் புதுப் பூச்சும் வேர்த்தது. எனக்குப் பயமாகிவிட்டது. ஆத்தாவின் பழந்துணி கொட்டத்து ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் துடைத்துவிட்டு, அன்றைக்கே மண்டபத்துக்குப் பஸ் ஏறினேன்.

மீன்பிடி துறைமுகத்தில் கேட்டதும் கையைக் காட்டினார்கள். கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு படகுக்குள், என்ஜினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. படகு என்ஜினுக்குக் கடல் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கும், அதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள். இத்தனை வருசமும் உப்புத் தண்ணீர் ஓடும் என்ஜினைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

பஸ்ஸில் யோசித்து வைத்தது எல்லாம் மறந்துவிட்டது. "கடல் தண்ணிதாண்ணே ஊத்துனேன். எட்டு மாசமும்" என்றேன்.

"தெரியும் தம்பி. நாக்குல வச்சுப் பாத்தேன்ல."

"பெறகு ஏண்ணே புது ஹெட்டு போட்டுக் குடுத்தீக?"

"நீ அணைச்சா நான் பொறுப்புன்னு சொல்லிட்டேனே."

ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போய் எல்லாரிடமும் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "அங்கன இப்ப வண்டி ஓட்டுறவுகளுக்கு என்னைய யாருன்னே தெரியாது. அவுககிட்டச் சொல்லி என்ன செய்ய?" என்றார். கையிலிருந்த கழிவு நூலில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் பழைய ஹெட்டு இருக்கா தம்பி?"

"எதுக்குண்ணே?"

"எம் மகனுக்குக் காட்டணும். அவனப் பள்ளிக்கூடத்துல டூப்ளிகேட்டுன்னு பேரு வச்சுக் கூப்புட்டாய்ங்க. இன்ன வரைக்கும் எங்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. அவனும் இப்ப மெக்கானிக்குத்தான், திருப்பூர்ல இருக்கான். ஒரு சாமான் வாங்கிக் குடுத்தா, நான் பாக்கலன்னு நெனச்சு டப்பாவப் பெரட்டிப் பெரட்டிப் பாப்பான். வாயால சொன்னா எடுபடாது. இரும்பக் காட்டுனா அவனுக்கே புரியும். எங்கிட்ட இருந்தா நானே பண்ணி வச்சதும்பாக, அதான் ஒங்கிட்டக் குடுத்து வச்சேன். என்னைக்காச்சும் கொண்டாருவன்னு."

"பழைய இரும்புக்குப் போட்டுட்டேண்ணே. ரெண்டு வருசம் ஆகப்போகுது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு பார்ட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது என்று கேட்டால் ஆட்டுவாரே, அப்படி.

"நானே திருப்பூருக்கு வாரேண்ணே. ஒங்க மகன்ட்ட நேர்லயே சொல்றேன். வேணும்னா சூடம் அணைச்சுக்கூட…"

"ஒன் சத்தியத்த வச்சு நான் என்ன தம்பி செய்யிறது?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார்.