மூல ஒப்பரேசனுக்கு மூன்று வருடங்களுக்குப் பின் நெடுந்தீவுப் படகில்

கடந்த ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை நெடுந்தீவுக்குப் போனேன். குதிரை பார்க்கவோ கோட்டை பார்க்கவோ அல்ல. என் மச்சாள் விமலாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர. அவளுக்கு மூலம். ரத்தம் போய்ப் போய் முகம் வெளிறிவிட்டது. ஒப்பரேசனுக்கு இரண்டு முறை நாள் கொடுத்தும் அவள் வரவில்லை. மூன்றாவது தரம் கொடுத்த நாள் அடுத்த திங்கட்கிழமை. எனக்கு அதே ஒப்பரேசன் நடந்து மூன்று வருடம். நல்லாக இருக்கிறேன் என்று தொலைபேசியில் எத்தனை தரம் சொல்லியும் அவள் நம்பவில்லை.

"வீட்டுக் கதிரையில இருந்துகொண்டு நீர் என்னவும் சொல்லலாம். வள்ளப் பலகையில இருந்துகொண்டு வந்து காட்டும், பாப்பம்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. காட்டுகிறேன் என்று வெளிக்கிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குக் காலை 6.40 பேருந்து. ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம், நான் கொடுத்தது 160 ரூபாய். வேண்டுமென்றே சில்லுக்கு மேலே இருக்கும் இருக்கையைப் பிடித்தேன். புங்குடுதீவில் ஒரு பள்ளமும் என்னை விட்டுவைக்கவில்லை. இறங்கும்போது இடுப்புத்தான் வலித்தது, வேறொன்றுமில்லை.

நெடுந்தீவுப் படகு 8.30க்கு, ஒரு மணித்தியாலப் பயணம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வேறு. பலகை இருக்கை தூக்கித் தூக்கிப் போட்டது. சும்மா சொல்லக்கூடாது, பாதி வழியில் பயந்துதான் போனேன். எழும்பினால் தோற்றுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

விமலா இறங்குதுறையில் நின்றாள். என்னிடம் கேட்கவில்லை, படகுக்காரரிடம் கேட்டாள்.

"அண்ணை, இவ இருந்தோ வந்தவ, நிண்டோ வந்தவ?"

"இருந்துதான் தங்கச்சி. சாமான் வைக்க ஒருக்கா எழும்பச் சொன்னனான், மனிசி அசையேல்லை!"

வீட்டுக்குப் போனதும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முதல் இரண்டு கிழமை நரகம். கழிப்பறைக்குப் போன முதல் நாள் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். ஆறாவது கிழமை பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனேன். இப்போதும் மலம் இறுகினால் எரியும். ஆனால் ரத்தத்தை அதன் பிறகு நான் காணவில்லை.

"திரும்ப வராதோ?"

"வராதெண்டு எழுதித் தர ஏலாது."

"திரும்பவும் செய்யச் சொன்னா செய்வீரோ?"

"ஓம். பத்து வருசம் முந்தியே செய்திருக்க வேணும்."

அதன் பிறகுதான் பையை அடுக்கத் தொடங்கினாள்.

திரும்பும் படகு 2.30க்கு. மத்தியானம் சாப்பிட்டவள் தண்ணீரைத் தொடவில்லை. தீவுக்குப் போய்வரும் பெண்களின் வழக்கம் அது. படகில் கழிப்பறை இல்லை என்று முதல் நாள் இரவே தண்ணீரை நிறுத்திவிடுவோம். நெடுந்தீவில் படிப்பித்த பதினொரு வருடமும் நானும் அப்படித்தான், கிழமையில் ஐந்து நாள். மலம் இறுகாமல் என்ன செய்யும்? டொக்டர் இதைச் சொன்னபோது அவரோடு கோபித்தேன். இப்போது விமலாவோடு கத்தினேன்.

"வெட்டிப்போட்டு வந்தும் இப்பிடித்தான் இருக்கப்போறீரோ? குடியும்!"

முறைத்துக்கொண்டே அரைப் போத்தல் குடித்தாள். கடலில் ஒன்றும் நடக்கவில்லை. குறிகட்டுவானில் இறங்கியதும் இருவரும் கழிப்பறைக்கு ஓடினோம்.

இதே பயணம் போக இருப்பவர்களுக்கு: சோளகக் காலத்தில் படகு நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள். ஒப்பரேசன் செய்தவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டுப் படகேறுங்கள். ரத்தம் போனால் மூலம்தானே என்று நீங்களாக முடிவுகட்டாமல் போய்க் காட்டுங்கள். வெட்கம் இரண்டு நிமிடத்தில் போய்விடும். தண்ணீர் குடியுங்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு விமலாவை ஒப்பரேசனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கதவடியில் என் கையைப் பிடித்தாள். "மச்சாள், நான் வரும் மட்டும் போயிடாதேயும்."

வெளியே மர வாங்குப் பலகையில் இரண்டரை மணித்தியாலம் இருந்தேன். ஒரு தரமும் எழும்பவில்லை.