வளர்ப்புப் பெட்டிக்குள் பழ வாசம்

போன வருடம் வெசாக் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மாத்தளைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் இது நடந்தது. முப்பத்தாறு வருடம் அங்கே தொழில்நுட்ப அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பென்ஷன் எடுத்த மறு மாதமே, வாரத்தில் மூன்று நாள் வந்து மேற்பார்வை பார்க்கச் சொல்லித் திரும்பவும் கூப்பிட்டார்கள். சுவரில் தொங்கும் விதிமுறைகளில் பாதியை எழுதியவன் நான். மீதிப் பாதியில் பிழை பிடித்தவனும் நான்தான். அப்படிப்பட்டவனை வீட்டில் சும்மா உட்கார விடுவார்களா?

அப்போது மாத்தளை டவுனைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண் தன் கலாநிதிப் பட்டத்துக்காக அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தார். செடிகள் எத்திலீன் என்றொரு வாயுவை வெளிவிடும். அந்த வாயு வந்திருப்பதை உயிரணுக்களில் உள்ள ஏற்பி என்ற புரதம்தான் உணர்ந்து உள்ளே தகவல் அனுப்பும். தகவல் போனால், இருட்டில் முளைக்கும் நாற்று நெட்டையாக வளராமல் குட்டையாகத் தடித்து, நுனி வளைந்து நிற்கும். இவர் ஏற்பி மாற்றப்பட்ட விதைகளை வைத்திருந்தார். அவற்றுக்கு வாயு இருப்பதே தெரியாது. எப்போதும் நெட்டையாகவே வளரும்.

சோதனை எளிமையானது. அலுமாரி அளவில், உள்ளே இருட்டான இரண்டு வளர்ப்புப் பெட்டிகள். ஒன்றுக்குள் எத்திலீன் விட வேண்டும், மற்றதில் சுத்தமான காற்று. இரண்டிலும் சாதாரண விதையும் மாற்றிய விதையும் இருக்கும். சுத்தமான காற்றில் எல்லாமே நெட்டையாக வளர வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியிலும் சாதாரண நாற்றுகள் குட்டையாக நின்றன.

பார்த்த உடனேயே தீர்ப்புச் சொன்னேன்.

"மிஸ், ரெண்டு பெட்டிக்கும் கேஸ் விட்டிருக்கீங்க."

"இல்ல சேர், ஒன்டுக்குத்தான் விட்டேன். வல்லாஹி, வால்வை ரெண்டு தரம் பாத்தேன்."

"பாத்தேன்னு பதிவேட்டுல இருக்கா? எழுதாதது நடக்காதது."

"சரி சேர், இனி மூச்சு விடுறதையும் எழுதுறேன்."

மறுபடி செய்யச் சொன்னேன். அதே முடிவுதான் வந்தது. அவருடைய பேராசிரியர் என்னிடம் எழுத்தில் அறிக்கை கேட்டார். விதைகள் வெளிநாட்டிலிருந்து அனுமதி எடுத்துக் கொண்டுவந்தவை. இன்னும் ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருந்தன. கவனக்குறைவு என்று நான் எழுதினால் அவற்றை அவரிடம் கொடுக்க மாட்டார்கள். ஆய்வு வேறொருவர் கைக்குப் போய்விடும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நான் சரியாத்தான் செஞ்சேன் சேர்" என்று மட்டும் இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார்.

வெசாக்குக்கு நான்கு நாள் இருந்தது. அறிக்கையின் கடைசிப் பந்தியில் இருந்தேன். என் அறிக்கைகளில் கடைசிப் பந்தி எப்போதும் நன்றாக அமையும். அப்போது ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்யும் அம்மா வந்து கதவோரம் நின்றார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வருபவர்.

"ஐயா, தன்சலுக்கு நீங்க கொண்டாந்த குலை பழுத்துருச்சுங்க. இன்னும் விட்டா எறும்புக்குத்தான் தன்சல் குடுக்கணும்."

"இருங்கம்மா, எழுதி முடிக்கிறேன்."

"அதில்லீங்க, அந்தப் பெட்டியத் தொடைக்கத் தொறந்தேன். உள்ளுக்கும் பழ வாசம். மிஸ் உள்ள வச்சு சாப்புடுறாங்களோன்னு நெனச்சேன்."

"சாப்பாடு கொண்டுபோகக் கூடாதுன்னு அங்க போர்டு இருக்கும்மா."

"ஆமாங்க, நீங்க எழுதுன போர்டுதான். அதுக்குப் பின்னாலதானே குலை தொங்குது."

பேனா நின்றது. வெசாக் தன்சல் என்ற அன்னதானப் பந்தலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆளுக்கொரு பொருள் கொண்டுவருவது எங்கள் அலுவலக வழக்கம். பலாபத்வலவில் என் வீட்டுத் தோட்டத்திலிருந்து நான் இரண்டு கோழிக்கூட்டு வாழைக்குலைகள் கொண்டுவந்திருந்தேன். எலி வராத, இருட்டான இடம் என்று வளர்ப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் சாக்குப் போட்டு மூடித் தொங்கவிட்டேன். பழுக்கிற வாழைக்குலை எத்திலீனை அள்ளி விடும். பெட்டிகள் காற்றை இழுப்பது அந்த அறையிலிருந்துதான். அந்தக் குழாயின் வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவனும் நானே.

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குலைகளைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்துவிட்டு, அறிக்கையை அப்படியே அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. ஒரு பிளேன்டி குடித்து முடிக்கும் வரை அந்த யோசனை என்னோடு இருந்தது. பிறகு எழுந்துபோய் அந்த ஆய்வு மாணவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு கிழமையா எனக்குத் தூக்கமில்ல சேர். எனக்கே என் மேல சந்தேகம் வந்துட்டுது" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு விதிமுறை எதுவும் நான் எழுதி வைக்கவில்லை, தடுமாறித்தான் கேட்டேன்.

சட்டென்று அவர் முகம் மாறியது. "சேர், ஏற்பி மாத்தின நாத்து மட்டும் ரெண்டு பெட்டியிலயும் நெட்டையா நின்டுதே! அதுக்குத்தானே கேஸ் தெரியாது. அப்ப என்ட விதை சரியாத்தான் வேல செஞ்சிருக்கு!"

"ஆமா மிஸ். அது என் கண் முன்னாலதான் நின்னுச்சு."

"குலையைப் பத்தி பதிவேட்டுல எழுதிட்டீங்களா சேர்? எழுதாதது நடக்காதது."

எழுதினேன். கவனக்குறைவு என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதி, கையெழுத்திட்டுப் பேராசிரியருக்கு அனுப்பினேன். குலைகள் தன்சலுக்குப் போயின. அறையை நாள் கணக்கில் திறந்துபோட்டுக் காற்றாட விட்டோம். வெசாக் முடிந்ததும் அவர் கடைசி விதைகளை விதைத்தார். நான்காம் நாள் காலை, சுத்தமான காற்றில் எல்லா நாற்றுகளும் நெட்டையாக நின்றன. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. துப்புரவு அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினார். அது சரியான முறைதான்.

நடைமுறை தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு இன்னும் இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுப்பதாகவும் இல்லை. ஆனால் இப்போது யாராவது "நான் சரியாகத்தான் செய்தேன்" என்று சொன்னால், அது உண்மையாக இருந்தால் வேறு என்ன நடந்திருக்க வேண்டும் என்று முதலில் யோசிக்கிறேன். முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் எத்தனை பேர் அதே வார்த்தையை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள் என்ற நினைப்பு அப்போதெல்லாம் கூடவே வருகிறது.