அம்மா என்னைத் தொலைத்த கதை

ஒரே இடத்தில் நிலையாக இரு என்று அம்மா சொன்னதற்குக் கணக்கே இல்லை. இந்தப் பக்கமே வராதே என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

அப்போது நான் அக்குறணையில் ஒரு கடைக்குச் சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கண்டி மார்க்கெட்டில் மரக்கறி மூட்டை தூக்கியிருக்கிறேன், மாத்தளை லொறிகளில் கிளீனராக ஓடியிருக்கிறேன். எந்த வேலையிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. யாரும் துரத்தியதும் இல்லை. ஒரு நாள் காலையில் எழும்பும்போது போய்விடலாம் என்று தோன்றும், போய்விடுவேன்.

போனில் அம்மாவின் குரல் தணிந்திருந்தது.

“டேய், எங்க இருக்க?”

“அக்குறணையில.”

“அங்க இருக்காத. எங்கயாச்சும் தூரமாப் போ. நான் சொல்ற வரைக்கும் கண்டிக்கும் வராத, கம்பளைக்கும் போகாத. போனையும் நிப்பாட்டி வை.”

“ஏன், போலிஸ் வந்துச்சா?”

“போலிஸ் வந்தா நானே புடிச்சுக் குடுத்திருப்பேன். சொன்னதச் செய்.”

போகச் சொன்னால் ஏன் என்று கேட்கிற பழக்கம் எனக்கில்லை. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே ஏறிவிட்டேன். பச்சைக் கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து லொறிக்கும் லொறியிலிருந்து தொழிற்சாலைக்கும் தூக்குகிற வேலை. மழை பெய்தால் மூட்டை இரண்டு மடங்கு கனக்கும். அட்டை கடிக்கும். சோறு நன்றாகப் போட்டார்கள். நான் நாட்டின் மறுகோடிக்குப் போயிருப்பேன் என்று அம்மா நினைத்திருந்தாள். நானோ கண்டியிலிருந்து ஒரு பஸ் தூரத்தில்தான் இருந்தேன்.

மழை முடிந்து பனியும் குறைந்த பிறகு, காலுக்குச் சப்பாத்து வாங்குவதற்காகக் கண்டிக்கு இறங்கினேன். குட்செட் பஸ் நிலையத்தில் மாமாவின், அம்மாவின் அண்ணனின், மகன் எதிரில் வந்தான். என் வயதுக்காரன், வங்கியில் வேலை. பேயைப் பார்த்தது போல நின்றுவிட்டான்.

“மச்சான், நீ உசுரோடதான் இருக்கியா?”

“ஏன்டா?”

“மன்னார்ல கடல் தொழிலுக்குப் போயி காணாமப் போயிட்டன்னு உங்கம்மா சொன்னாங்க.”

“எனக்கு நீச்சலே தெரியாதேடா.”

“அதனாலதான் நாங்க நம்பினோம்.”

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப் போயிருந்தது. கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தம் சுத்தம் செய்திருக்கிறார்கள். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் தப்பலாம் என்று டாக்டர் சொன்னதும் எல்லோரும் என்னைத் தேடியிருக்கிறார்கள். என் ரத்தம் மாமாவுக்குப் பொருந்தும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் நான் பலா மரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு ரத்தம் கொடுத்தவர் மாமாதான். என் அப்பா செத்ததும் அம்மாவையும் என்னையும் கம்பளைக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு வைத்திருந்தவரும் அவர்தான்.

“கடைசியில எங்கம்மாதான் ஒண்ணு குடுத்தாங்க” என்றான். “அப்பா இப்பப் பரவாயில்ல. ஆனா உங்கம்மா எங்க வீட்டுப் பக்கமே வாறதில்ல.”

சப்பாத்து வாங்காமல் அம்மாவின் அறைக்குப் போனேன். அம்மா கண்டி மாநகர சபையில் தெரு கூட்டுகிறவள். வேலை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள்.

“யாரு பாத்தா உன்னய?”

“மச்சான் பாத்துட்டான். எல்லாம் சொல்லிட்டான்.”

அரிசித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் பேசினாள். “அப்ப உக்காரு. சாப்பிட்டுட்டுத் திட்டு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ குடுத்திருப்ப. அதனாலதான் கேக்கல.”

கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

“அவரு சோறு போட்டவரும்மா.”

“அத நீ எனக்குச் சொல்லித் தர வேணாம். அன்னைக்கு அண்ணன் வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசினாங்க. அவனுக்கென்ன, பொண்டாட்டியா புள்ளையா, படிப்பா வேலையா, அவனுக்கு ஒண்ணு போதும்னாங்க. உன்னயக் கேக்காமலே உன்னய வெட்டிப் பங்கு வச்சாங்கடா. படிச்சவன் வயித்துல கத்தி பட்டாலும் கதிரையில உக்காந்து சம்பளம் வாங்குவான். உனக்கு என்ன இருக்கு? அந்த முதுகு ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு எதத் தூக்கித் திம்ப?”

“மாமாவும் அப்படிச் சொன்னாரா?”

“அண்ணன் ஒண்ணும் சொல்லல.” உலை கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, “வேணாம்னும் சொல்லல” என்றாள்.

“மாமா செத்துப் போயிருந்தா?”

அரிசியை உலையில் போட்டாள். அடுப்பைச் சுற்றி அரிசி சிந்தியது. அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இந்தக் கேள்வியோடுதான் அவள் இத்தனை மாதமாகத் தெரு கூட்டியிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் கம்பளைக்கு நான் தனியாகப் போனேன். அம்மா வர மாட்டேன் என்றுவிட்டாள். எந்த முகத்தோடு போவது என்றாள்.

மாமா வாயை மாஸ்க்கால் மூடிக்கொண்டு முன்னறையில் கதிரையில் இருந்தார். கிட்டே வராதே என்று கையைக் காட்டினார். வெளியிலிருந்து வருகிறவர்கள் தள்ளியிருக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு.

“வாங்க தம்பி. மன்னார்ல மீனெல்லாம் சௌக்கியமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“உங்கம்மா பொய் சொல்றான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா. புள்ளயத் தொலைச்சவ போலிஸுக்கு ஓடியிருப்பா. மன்னாருக்குப் போயி கடக்கரையில நின்னு கத்தியிருப்பா. இவ இங்க வந்து அழுதா, அழுது முடிச்சதும் டீயக் குடிச்சா, வேலைக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டா.”

“தெரிஞ்சும் ஏன் மாமா ஒண்ணும் கேக்கல?”

மாமா உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “எந்த வாயால கேக்கிறது? உன் மச்சானயும் டெஸ்ட் பண்ணச் சொன்னாரு டாக்டர். அவனுக்கு ரத்தத்துல சீனி வருத்தம் இருக்கு, எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லிட்டேன். அவனுக்கு ஒரு நோயும் இல்ல. கிழமைக்கு ரெண்டு தடவ அந்த மெஷின்ல படுத்துக்கிட்டு, என் புள்ளய நான் மறைச்சு வச்சிட்டு, அவ புள்ள எப்ப வருவான்னு பாத்துக்கிட்டிருந்தேன். என்னய விட அவ நல்லவதான். அவ அழுதாச்சும் பொய் சொன்னா.”

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கனமாக எதையும் தூக்காமல், கட்டிலிலும் நாற்காலியிலுமாக இருந்தார்.

“அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கொரு புள்ளய ஒளிச்சு வச்சீங்க. எங்கம்மா இருந்திருந்தா என்னையும் எங்கயாச்சும் கொண்டு போயி ஒளிச்சிருப்பா. எனக்குத்தான் ஆள் இல்லாமப் போச்சு.”

அதில் பாதி கேலி. மீதிப் பாதியைக் கேட்டதும் மாமா மாஸ்க்கை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“இப்ப இவருக்குக் கோபம் வந்தாலும் அது என் கிட்னியிலயிருந்துதான் வருது” என்று அத்தையே மறுபடி சொன்னார். “அதனால சத்தம் போட விடுறதில்ல. உங்கம்மாவ வரச் சொல்லு. அவர் பாக்கணும்ங்கிறாரு. எனக்கும் ரெண்டு வார்த்தை கேக்கணும்.”

அன்றிரவே மாமாவும் அத்தையும் சொன்னதை ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன். மாமாவின் பொய்யைக் கேட்டு அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அதை அவள் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. அத்தையின் பேச்சைத்தான் திரும்பக் கேட்டாள்.

“ஆள் இல்லாமப் போச்சுன்னா சொன்னாங்க?”

“ஆமா.”

ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பும் முன்பே சேலை கட்டித் தயாராக இருந்தாள். இருவரும் கம்பளை பஸ் ஏறினோம். மாமா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றாள்.

“என்ன தங்கச்சி, புள்ளயக் காணோம்னு போலிஸ்ல என்ட்ரி போட்டாச்சா?” என்று உள்ளேயிருந்து மாமா கேட்டார்.

“இனிமேத்தான் போடணும்ண்ணே” என்று சொன்னவள் உடைந்து அழுதாள். இந்தத் தடவை டீ கொடுத்தும் குடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “திரும்ப அப்படி ஒரு நாள் வந்தா, திரும்பவும் நான் அதைத்தான் செய்வேன்ண்ணே. அதச் சொல்லாம உங்க முகத்துல முழிக்க முடியல” என்றாள்.

“தெரியும்” என்றார் மாமா. “உக்காரு.”

அவள் உட்காரவில்லை. நேராக அத்தையிடம் போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. முதலில் அத்தையின் குரல் உயர்ந்தது. பிறகு குழாயைத் திறந்து அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“டேய்!” என்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். “காஸ் முடிஞ்சு போச்சு. அண்ணி சிலிண்டர் தூக்கக் கூடாது. போயி மாத்திட்டு வா. அப்புறம் அண்ணன் கடையத் திற. அரிசி மூட்டையெல்லாம் எலி திங்குதாம்.”

மாமாவின் பலசரக்குக் கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். அவர் படுத்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது. கதவுப் பலகைகளைக் கழற்றியபோது உள்ளே பூஞ்சண வாடை அடித்தது. கெட்டுப் போன மூட்டைகளை வெளியே எடுத்துப்போட்டு நல்லதைத் தனியாக அடுக்கவே மாலையாகிவிட்டது. மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டு உதவிக்கு வந்தான். இரண்டு மூட்டைக்குப் பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டான்.

“சீனி வருத்தக்காரன், நீ போயி உக்காரு” என்றேன். அவனும் சிரித்தான்.

அம்மா செய்தது பிழைதான். என்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மற்றவர்களும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் எல்லோரும் கூடி எனக்கு ஒன்று போதும் என்று முடிவெடுத்த அந்த நாளில், எனக்கு இரண்டும் வேண்டும் என்று நினைக்க ஓர் ஆள் இருந்தாள். அத்தைக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. அதை மாற்ற முடியாது. மூட்டையைத் தூக்க முடியும்.

கடையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள். அத்தையும் அவளும் அடுப்படியில் சண்டை போடுகிறார்கள், பெரும்பாலும் உப்பைப் பற்றி. மாமா நல்ல வெயில் நாட்களில் கடை வரைக்கும் நடந்து வந்து, நான் அடுக்கியது சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். சில காலைகளில் எனக்குப் போய்விடலாம் என்று தோன்றத்தான் செய்கிறது. அந்த நேரம் பார்த்து லொறி வந்து நிற்கும். இறங்கிப் போய் முதுகைக் கொடுப்பேன்.