நரம்புக்கும் முறை உண்டு

நரம்பு ஆராய்ச்சி என்பது, என்னைப் போல முனைவர் பட்டத்தில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்குத் தெரியும், நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து ஏமாறுகிற வேலை.

எதுக்கும் ஆகாத மீன்

குடித்தனம் ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்தில், ஆய்வகம் சென்னையில். பொன்னேரியில் ரயில் ஏறினால் எதிரே மீன்கூடையோடு கஸ்தூரி அக்கா. ஒருநாள், "நீயும் மீன்தான் வளக்கிறியாமே?" என்றார். நகத்தளவு வரிமீன், முட்டை கண்ணாடி போல இருக்கும், உள்ளே கண்ணிலிருந்து மூளைக்கு நரம்பு இழை வளர்வதையே பார்க்கலாம் என்று பெருமையாக விளக்கினேன். முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கொழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது. பாவம், நீயும் இன்னாதான் பண்ணுவே."

மூன்று வருடச் சாதனை

வளரும் இழையின் நுனியிலேயே சில புரதங்கள் தயாராகும். 'இங்கே திரும்பு' என்று வழி காட்டுவது அவைதான். சின்ன ஆர்.என்.ஏ. ஒன்று அந்தப் புரதங்களின் செய்முறைக் குறிப்பின்மேல் போய் உட்கார்ந்து, 'இப்போது வேண்டாம்' என்று தயாரிப்பை நிறுத்தி வைக்கிறது என்பது என் நம்பிக்கை. அந்த ஆர்.என்.ஏ.வை முடக்கினால் இழைகள் வழி தவற வேண்டும். முடக்கினேன். மூன்றாம் நாள் பார்த்தால் எல்லா இழைகளும் சமர்த்தாக மூளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

மூன்று வருடமாக இதே கதை. அழுகையே வந்துவிட்டது. என் வழிகாட்டி மேடம் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த மாசத்துக்குள்ள ஏதாவது காட்டும்மா. இல்லேன்னா தலைப்ப மாத்திடலாம்."

கிழிந்த வலை

என் வீட்டுக்காரர் வேலு ஏரியில் இறால் பிடிப்பவர். யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டலாம் என்று எங்கள் ஊரில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கிழிந்த வலையைத் தைத்தபடி என் புலம்பலைக் கேட்டவர், "எப்ப போயி பாக்குற?" என்றார். மூன்றாம் நாள், எல்லாம் முடிந்த பிறகு என்றேன். ஊசியைக் கீழே வைத்தார். "எல்லாம் கரைக்கு வந்தப்புறம் பாத்தா, பாடு இல்லாதவன் வலை கட்டுனது எப்டித் தெரியும்? எல்லார் வலையும் காஞ்சினுதான் இருக்கும். நடக்கும்போது போய்ப் பாரு."

எந்த லேப்?

நடக்கும்போது பார்த்தேன், மணிக்கொரு தடவை. ஆர்.என்.ஏ. இல்லாத இழைகள் தங்கள் நேரம் வருமுன்பே திரும்பி, முட்டி மோதி, அப்புறம் தட்டுத் தடுமாறி வழி கண்டு சேர்ந்திருக்கின்றன. மறுபடி மறுபடி செய்தேன், அதேதான்.

மேடம் படங்களை நெடுநேரம் பார்த்தார். தலைப்பை மாற்ற வேண்டாம் என்றார். யார் கொடுத்த யோசனை என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். "அப்படியா, அவர் எந்த லேப்?"

செய்தி சொல்ல வேலுவுக்கு ஃபோன் போட்டால் அன்றைக்கு அவருடைய பாடு, ஏரியில் இருந்தார், எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் நேரம் பார்க்கத் தெரியாதவள் இன்னமும் நான் ஒருத்திதான்.