இருபது நிமிஷம் முந்தி ஓடிய டைம்பீஸ்

எங்கள் வீட்டில் மணி பார்த்தால் இருபதைக் கழித்துக்கொள்ள வேண்டும். எனக்கும் என் மனைவிக்கும் மகளுக்கும் அது பழகிப்போன கணக்கு. புதிதாக வருகிற விருந்தாளிகள்தான் அலமாரிமேல் இருக்கும் டைம்பீஸைப் பார்த்துவிட்டு, பஸ் போயிருக்குமே என்று பதறி எழுந்து செருப்பைத் தேடுவார்கள். சமையலறையிலிருந்தே என் மனைவி இருபது நிமிஷம் கழிச்சுக்கோங்க என்று குரல் கொடுப்பாள். அவர்கள் அசட்டுச் சிரிப்போடு மறுபடி உட்கார்ந்து காபியைக் குடிப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன். ஒவ்வொரு பஸ்ஸும் வந்த நேரம், புறப்பட்ட நேரம் இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. இரண்டு நிமிஷம் தாமதித்து வருகிற டிரைவர், ரயில்வே கேட்டு, ஆட்டு மந்தை, டயர் என்று ஏதாவது ஒரு கதையோடுதான் வருவார். கண்டுக்காதே அண்ணாத்த என்பார்கள். நான் கண்டுகொள்வேன். தாமதம் என்றுதான் எழுதுவேன். எனக்குப் பின்னால் அவர்கள் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத முடியாது.

அப்படிப்பட்டவன் வீட்டில் தப்பான மணி. கல்யாணமான புதிதில் எனக்கு அது பொறுக்கவே இல்லை. என் மனைவி மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மா மீன் கூடையோடு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், விட்டால் மீன் வெயிலில் வீணாகும். அதனால் அந்த வீட்டில் கடிகாரம் எப்போதும் முன்னால் ஓடியது. அந்தப் பழக்கத்தை அவள் திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். எல்லாரும் இருபதைக் கழித்துத்தான் பார்க்கப்போகிறோம், பிறகு எதற்கு இந்தக் கூத்து என்று ஒருநாள் கேட்டேன்.

"கழிச்சுப் பாக்கறதுக்குள்ள தூக்கம் தெளிஞ்சுடும்ல," என்றாள். "நீ டைம் கீப்பரு பஸ் ஸ்டாண்டுல. வூட்டுக்கு நான்தான்."

வெளி ஆட்கள் முன்னால் எனக்கு வாங்க, போங்க. வீட்டுக்குள் நீ.

அந்த டைம்பீஸ் ஒன்றும் பெரிய சாமான் இல்லை. திருவிழாக் கடையில் பிளாஸ்டிக் குடத்துக்கும் வளையலுக்கும் நடுவில் வைத்து விற்பார்களே, அந்த மாதிரி சாவி கொடுக்கிற டைம்பீஸ். இப்போது இருப்பது மூன்றாவது. முதல் இரண்டும் ஸ்பிரிங் போய்க் குப்பைக்குப் போயின. ரேடியோ நான் வாங்கியது. பஸ் நிலைய வாசலில் தார்ப்பாய் விரித்து டார்ச் லைட், சீப்பு, பூட்டு எல்லாம் விற்கிறவரிடம் வாங்கினேன். இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். பேட்டரி மூடி முதல் வாரமே உடைந்து, அன்று முதல் ஒரு ரப்பர் பேண்டுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் ஒரு பேச்சுக்குரலாவது கேட்கட்டும் என்றுதான் வாங்கிக் கொடுத்தேன். அந்த வெறிச்சோடிய வீடு அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் ரொம்ப யோசித்ததில்லை. இப்போது யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது.

தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் டைம்பீஸுக்குச் சாவி கொடுப்பாள். காலையில் அலாரம் அடிக்கும். அவள் எழுந்து ரேடியோவைப் போடுவாள். நான் மனசுக்குள் இருபதைக் கழித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள்கூட நான் டூட்டிக்குத் தாமதமாகப் போனதில்லை. அதை என் ஒழுக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் அவள் காய்ச்சலில் படுத்தாள். ஒன்பதாம் நாள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, மகள் வேலை பார்க்கிற புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனபிறகு, நான் முதலில் செய்த காரியம் ரேடியோவிலிருந்து பேட்டரியைக் கழற்றியதுதான். அவள் கேட்ட குரல்கள் அவள் இல்லாத வீட்டில் பேசிக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. டைம்பீஸை மட்டும் விடவில்லை. விளக்கேற்றியதும் சாவி கொடுத்தேன், அவளைப் போலவே பதினோரு சுற்று. பின்பக்கத்தில் முள்ளை நகர்த்துகிற திருகை மட்டும் தொடவே இல்லை. அது அவள் வைத்துவிட்டுப் போன நேரம். அவள் கை கடைசியாகப் பட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருந்த பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான். சாவி கொடுக்க மறந்து நின்றுவிடுமோ என்று பயந்து எங்கும் வெளியூர் போகாமல் இருந்தேன். ஒரு கல்யாணத்துக்கு மதுராந்தகம் போய்விட்டு, சாப்பாடுகூட சாப்பிடாமல் அடித்துப்பிடித்து ஓடிவந்தேன். கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் மகள் போன் செய்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. மும்பையில் எல்லாரையும் சேர்த்து அங்கிருந்து விமானம் ஏற்றுகிறார்கள். அம்மா காரியத்துக்கே லீவெல்லாம் தீர்ந்துவிட்டதால் கடைசி நாள்வரை புதுச்சேரியிலேயே டூட்டி. மும்பை ரயில் சென்னைக்குள் போகாமல் செங்கல்பட்டு வந்து அரக்கோணம் பக்கம் திரும்பிப் போய்விடும். செங்கல்பட்டில் காலை ஆறு இருபதுக்கு வந்து இரண்டு நிமிஷம் நிற்கும்.

"ரெண்டு நிமிசம் பாத்துக்கலாம்ப்பா," என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு இரண்டு நிமிஷம். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவளுக்கு அம்மா செய்கிற சென்னாக்குன்னிப் பொடி பிடிக்கும். காய்ந்த பொடி இறாலை வறுத்து, மிளகாயும் பூண்டும் வைத்து இடிப்பது. நான் குப்பத்துக்குப் போய் மச்சினன் வீட்டில் சென்னாக்குன்னி வாங்கிவந்து, இரண்டு தடவை கருக்கி, மூன்றாவது தடவை ஒரு மாதிரி செய்து பாட்டிலில் அடைத்தேன். அம்மா செய்ததுபோல இல்லை. ஆனாலும் வாசனை வந்தது.

ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் ஆறு மணிக்குச் செங்கல்பட்டு. பஸ் நிலையத்திலிருந்து ஸ்டேஷன் பக்கத்தில்தான். நாலே முக்காலுக்கு எழுந்தால் போதும் என்று கணக்குப் போட்டு, இருபதைக் கூட்டி, அலாரத்தை ஐந்து ஐந்துக்கு வைத்தேன். மறந்துவிடக் கூடாது என்று போனைச் சார்ஜ் செய்து, பொடி பாட்டிலோடு பையில் போட்டு ஜிப்பை மூடினேன்.

அலாரம் அடித்ததும் எழுந்தேன். நிதானமாகக் குளித்தேன். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். டைம்பீஸ் ஐந்து முப்பத்தைந்து காட்டியது. இருபது போனால் ஐந்தே கால். பஸ் ஸ்டாப்புக்கு எட்டு நிமிஷ நடை. பொழுது இருக்கிறது என்று காபிகூட குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்டாப்பில் யாருமே இல்லை. ஐந்தரை பஸ்ஸுக்கு எப்போதும் பூக்காரர்களும் கம்பெனிக்குப் போகிற பெண்களும் நிற்பார்கள். பூட்டிய கடைப் படியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. பைக்குள் போன் அடித்தது. எடுத்தேன்.

"மேல்மருவத்தூர் தாண்டிட்டோம்ப்பா. வந்துகினு கீறியா?"

வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனின் முகத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பத்தெட்டு. போன்தான் தப்பு என்று முதலில் நினைத்தேன். என் புத்தி அப்படி.

அடுத்த பஸ் வந்து செங்கல்பட்டு சேரும்போது ஆறு இருபது. என் பழைய மேஜைக்கு எதிரே இறங்கி, அறுபது வயசுக் காலை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷன் மேம்பாலத்தின் நடுவில் இருக்கும்போது கீழே ரயில் நகர ஆரம்பித்தது. ஒரு பெட்டியின் கதவுக்கு வெளியே ஒரு கை ஆடியது. அது அவள் கையா, வேறு யாருடையதா என்று தெரியவில்லை. தெரியாமலே நானும் கையை ஆட்டினேன். கடைசிப் பெட்டி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. என்னாச்சுப்பா என்று கேட்டாள். அழுதிருந்தாள், குரலில் தெரிந்தது.

"பஸ் லேட்டும்மா," என்றேன்.

எத்தனையோ டிரைவர்கள் என் மேஜை முன்னால் நின்று சொன்னது. ஒருத்தரிடமும் நான் அதை ஏற்றுக்கொண்டதில்லை. அவள் பரவால்லப்பா என்று உடனே ஏற்றுக்கொண்டாள். பாட்டிலோடு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் செய்த வேலை, புது பேட்டரி போட்டு ரேடியோவைத் திருப்பியதுதான். கரகரப்புக்கு நடுவில் ஒரு பெண் குரல் நேரம் சொன்னது, எட்டு மணி. டைம்பீஸைப் பார்த்தேன். அதுவும் எட்டு மணி. கழிக்க ஒன்றுமில்லை.

டைம் கீப்பருக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? ஒரு நாளைக்கு நாலு விநாடி அது பின்னால் போயிருக்கிறது. பத்து மாதத்தில் இருபது நிமிஷம். மலிவுச் சாமான் அப்படித்தான் ஓடும். நான் அதற்குச் சாவி கொடுத்துச் சாவி கொடுத்து, அவள் விட்டுப்போனதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் கண்ணெதிரே தினம் நாலு விநாடியாகக் கரைந்து, ஒன்றும் மிச்சமில்லாமல் போயிருந்தது. அன்றைக்குத்தான் நான் நன்றாக அழுதேன். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் சாயங்காலம் மும்பையிலிருந்து மகள் பேசினாள். விமானத்துக்கு முன்னால் கடைசிப் பேச்சு. பொய்யோடு அவளை அனுப்ப மனசு வரவில்லை. பஸ் நேரத்துக்குத்தான் போனது, டைம்பீஸை நம்பி நான்தான் கெட்டேன் என்று சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம அதைத் திருப்பி வெக்கலியா நீ?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலைச் செய்தி நேரத்தில் அவள் அம்மா டைம்பீஸை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ரேடியோ முன்னால் உட்காருவாளாம். நேரம் சொன்னதும் முள்ளைச் சரிபார்த்து, திரும்ப இருபது நிமிஷம் முன்னால் தள்ளிவிடுவாளாம். சின்ன வயசில் மகள்தான் ரேடியோவில் காதை வைத்து, இப்போ என்று சொல்வாளாம். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நான் டூட்டியில் இருந்தேன், அல்லது தூங்கிக்கொண்டிருந்தேன். என் ஒழுக்கம் என்று நான் பெருமை அடித்துக்கொண்டது எங்கே இருந்து வந்தது என்று அப்போது தெரிந்துகொண்டேன். இதை என் மனைவியிடம் சொல்ல இனி வழியில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறே முக்கால் செய்திக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். டைம்பீஸ் மடியில் இருந்தது. நேரம் சொன்னதும், இப்போ என்று சொல்ல ஆளில்லாததால் நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திருகைத் திருப்பினேன். டைம்பீஸ் ஏழு ஐந்தைக் காட்டியது. அலமாரிமேல் வைத்துவிட்டு, பாட்டிலைத் திறந்து, பழைய சோற்றில் கொஞ்சம் பொடி போட்டுப் பிசைந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. ரேடியோவை அணைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

அப்போது போன் வந்தது. காலை ஷிப்டுக்கு எழுந்திருந்தாள். அங்கே விடிய இன்னும் நேரமிருக்கிறது, நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். சாப்பிட்டாயா என்று கேட்டாள். நம் வீட்டில் மணி என்ன என்று கேட்டாள். பழக்க தோஷம், அலமாரியைப் பார்த்தே பதில் சொன்னேன்.

"ஏழு இருபது."

அவள் அங்கத்து மணியோடு இரண்டரையைக் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"இருபது போனா ஏழு," என்றாள் மெதுவாக. "சரியா கீதுப்பா."

டூட்டிக்கு நேரமாகிவிடும், போனை வை என்று அதட்டினேன்.

அவள் வைக்கவில்லை.

"இன்னும் இருபது நிமிசம் கீது," என்றாள். "பேசுப்பா."