பத்துப் போத்தலும் ஒரு பிளேன்ரீயும்

செட்டிபாளையத்தில் உதயரூபனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். யோசித்துவிட்டுத் திரும்பவும் சிரிப்பார்கள். மீனவர் சங்கத் தலைவரின் சைக்கிளைத் தோணியில் ஏற்றிப்போய் வாவி நடுவில் நட்டிருந்த வலைக்கம்பில் கட்டித் தொங்கவிட்டவன் அவன். தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணவில்லை என்று தானே ஆளனுப்பித் தேட வைத்துவிட்டு, தேடப் போன கூட்டத்தோடு தானும் சேர்ந்து தேடியவன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. வாவியில் இறால் வலை போடுவான். நாற்பத்தொரு வயது. வயதுக்கேற்ற புத்தி வரவில்லை என்று மனைவி கேதீஸ்வரி சொல்வாள். வந்தால் எங்கே வைப்பது என்று அவன் கேட்பான்.

அப்படிப்பட்டவன் ஒரு பகிடியால் சாகப் பார்த்தான். அதே பகிடியால்தான் பிழைத்தும் இருக்கிறான்.

போன வருஷம் மாசி மாதம் மருத்துவ பீடத்தில் இருந்து பிரஷாந்தி வந்தாள். வாகரைப் பிள்ளை. படித்து முடித்து, பீடத்தில் ஒரு வருஷத்துக்கு ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. ஆய்வு ஒழுங்காக முடிந்தால் மேற்படிப்புக்குப் பதியலாம். சிறுநீரக வருத்தம் மீன்பிடிக்கிற ஆட்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஊரில் அறுபது ஆண்களின் பெயரை எடுத்தாள். அதில் பதினொரு பெயர் வாவிக்கரை ஒழுங்கை என்ற சின்னத் தெருவில் இருந்து: உதயரூபனும் அவனுடைய கூட்டாளிகள் பத்துப் பேரும்.

சங்கக் கட்டடத்தில் எல்லாரையும் இருத்திவைத்து, சிறுநீர் எடுக்க வெள்ளை மூடி போட்ட சின்னப் போத்தல்களைக் கொடுத்தாள்.

"விடிய எழும்பினதும் முதல்முதலாப் போற சலம்தான் வேணும். மறுகா போறது சரிவராது. ஏழு மணிக்கு முதல் இஞ்ச கொண்டுவந்து தந்திரணும். விளங்கினதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். கையில் ஃபைல் வைத்திருக்கிற ஆர் எது கேட்டாலும் அந்த ஊரில் தலையாட்டுவார்கள். மூன்றரைக்குத் தோணி தள்ளுகிற ஆட்களுக்கு விடிகாலைச் சலம் எங்கே போகும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது வாவிக்குத்தான் போகும். வலை இழுத்துக் கரைக்கு வர எட்டரை, ஒன்பது ஆகும். வயசுப் பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படி விளக்குவது என்ற வெட்கத்தில் பத்துப் பேரும் வாய்மூடி இருந்துவிட்டார்கள்.

உதயரூபனுக்கு அந்தக் கிழமை தொழில் இல்லை. தோணியில் ஓட்டை, ஃபைபர் ஒட்டுப் போட்டுக் காயவிட்டிருந்தான். பின்னேரம் நல்லரத்தினம் வந்தார். அந்தப் பத்துப் பேரில் மூத்தவர் அவர்தான், உறவில் மச்சான் முறை. கையில் ஒரு ஷொப்பிங் பை.

"மச்சான், நீ நாளைக்குக் கரையிலதானே நிக்கிறாய்?"

"ஓம். ஏன்?"

"இதுக்குள்ள பத்துப் போத்தல் இரிக்கு. எல்லாத்திலயும் பேர் ஒட்டிக் கிடக்கு. கொஞ்சம் கொஞ்சம் விட்டுக் குடுத்திரு. பாவம், அந்தப் புள்ள மெனக்கெட்டு வந்திரிக்கு."

"பத்துக்குமா? நான் என்ன மனிசனா, தண்ணி பவுசரா?"

"ராவைக்குத் தண்ணி குடிச்சிட்டுப் படு."

இதைவிட நல்ல பகிடி தன் வாழ்க்கையில் வராது என்று உதயரூபனுக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு குடம் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தான். விடிய எழும்பி வளவு மூலையில் போத்தல்களை வரிசையாக அடுக்கி, கோயில் விளக்குக்கு எண்ணெய் விடுகிற மாதிரி ஒவ்வொன்றாக நிரப்பினான். பத்தாவது போத்தலோடு சரக்கு முடிந்தது. பதினோராவது போத்தலில் அவனுடைய பெயர் ஒட்டியிருந்தது. இனி ஒரு சொட்டும் வராது. மணி ஆறே முக்கால். குசினியில் கேதீஸ்வரி பால் விடாமல் ஊற்றிவைத்த பிளேன்ரீ இருந்தது, இன்னும் சீனி போடவில்லை. அதில் ஒரு கரண்டி, குடத்துத் தண்ணீரில் மூன்று கரண்டி. நிறம் அச்சொட்டாக வந்தது. மூடி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"பத்துப் பேரும் எங்கண்ணன்?" என்றாள் பிரஷாந்தி.

"தந்திட்டுத் தொழிலுக்குப் போயிட்டானுகள் தங்கச்சி. நேர்மையான ஆக்கள்."

அவள் சந்தோஷமாக ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தபோது அவளோடு ஆய்வுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் டொக்டர் ஸாஹிரும் வந்தார். காத்தான்குடிக்காரர், சத்தம் போட்டுப் பேசாத மனிதர். வாவிக்கரை ஒழுங்கையில் பத்துப் பேருக்கும் சலத்தில் புரதம் கூடுதலாகப் போகிறது, சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கலாம், பத்துப் பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது, அதுதான் யோசனையாக இருக்கிறது என்றார். ஒரே ஒழுங்கை. ஒரே தொழில். ஒரே கிணறா?

ஒரே கிணறுதான். மங்கையற்கரசியின் வளவுக் கிணறு. அதில் இருந்து போத்தலில் தண்ணீர் எடுத்தார்கள். அடுத்த நாளே பெண்டுகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மற்ற ஒழுங்கைக்குப் போனார்கள். மங்கையற்கரசி படலையில் நின்று கத்தினாள்.

"என்ட கிணத்துத் தண்ணியில மூண்டு கலியாணத்துக்குச் சோறு சமைச்சது! தின்னக்குள்ள ஒருத்தருக்கும் கிட்னி நோகல்ல. இப்ப நோகுதோ?"

பீடத்தில் அது பெரிய செய்தி. ஆய்வாளர்கள் கூடுகிற வருடாந்த அமர்வில் பிரஷாந்தி இதைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு.

உதயரூபனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எருமை மாதிரித் தோணி தள்ளுகிற கூட்டாளி வினோஜன் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். கருவாடு இல்லாமல் கை நனைக்காத நல்லரத்தினம் உப்பில்லாத சோற்றைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். பத்துப் பேரும் தாங்கள் கொடுத்த போத்தலைப் பற்றி மறந்தே போனார்கள். டொக்டர் சொன்னால் வருத்தம் இருக்கும்தானே. தங்களுடையது இல்லாத சலத்தில் தங்களுடைய வருத்தம் எப்படி வந்தது என்று பயத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. உதயரூபன் மட்டும் நல்ல சுகதேகி. அவனுடைய தாளில் 'புரதம் இல்லை' என்று இருந்தது. இன்னும் ரெண்டு நாள் போகட்டும், பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தான்.

அன்று மத்தியானம் அவன் பூவரச நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நல்லரத்தினம் பீடத்தில் தந்த தாளோடு வந்து பக்கத்தில் குந்தினார்.

"இதில அறிகுறி எண்டு எழுதிக் கிடக்கு மச்சான். கால் வீக்கம். எனக்கு இல்ல. சலத்தில நுரை. இல்ல. விடிய முகம் ஊதும், களைப்பு. அதுவும் இல்ல. ஒண்டுமில்லாமலே சாகப் போறனோ?"

உதயரூபன் சிரிக்க வாயைத் திறந்தான். வலையில் இருந்து பார்வை கீழே போனது. தன் பாதத்தைப் பார்த்தான். செருப்புப் பட்டி கிடந்த இடத்தில் வாய்க்கால் வெட்டினது போல ஒரு தடம். இறாலுக்கு உப்புத்தண்ணியில் நிற்கிறதால் ஊதுகிறது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். விரலால் அமத்தினான். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது.

அந்த விடியல் ஞாபகம் வந்தது. பத்துப் போத்தலிலும் நுரை மேலே நின்றது. பியர் போல இருக்கிறது என்று தனக்குத்தானே பகிடி விட்டதும் ஞாபகம் வந்தது.

பத்துப் பேருக்கும் வருத்தம் என்றால், பத்தும் ஆருடையது?

"என்னடா, வேர்க்குது உனக்கு?" என்றார் நல்லரத்தினம்.

"வெயில்" என்றான். நிழலில் இருந்துகொண்டு.

இரண்டு நாள் அவன் ஒரு பகிடியும் விடவில்லை. கேதீஸ்வரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. சொன்னால் பத்துப் பேரும் தோலை உரிப்பார்கள், அது பரவாயில்லை. மங்கையற்கரசி கிணற்றுக்குள் போடுவாள், அதுவும் பரவாயில்லை. அந்த வாகரைப் பிள்ளை ராவு பகலாக எழுதினது முழுக்கக் குப்பை என்று அவளுடைய முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் பத்துப் பேருக்கும் ரத்தம் பார்ப்பார்கள், ஒன்றுமில்லை என்று வரும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். தன் சிறுநீரகம் மட்டும் சத்தமில்லாமல் போகும்.

ரத்தம் எடுக்கிற நாள் வந்தது. சங்கக் கட்டடத்து நீள வாங்கில் பத்துப் பேரும் வெறுவயிற்றோடு, தூக்குக்குப் போகிறவர்கள் போல வரிசையாக இருந்தார்கள். உதயரூபன் நேரே பிரஷாந்தியிடம் போனான். சொல்லாமல் தப்ப ஒரு வழி மிச்சம் இருந்தது.

"தங்கச்சி, எனக்கும் ஒருக்கா ரத்தம் எடுங்களன்."

"உங்களுக்கு ஏனண்ணன்? உங்கட றிசல்ட் நல்லா வந்திரிக்கு. வருத்தம் வந்த ஆக்களுக்குத்தான் இண்டைக்கு எடுக்கலாம். சேருக்கும் அனுமதி அவ்வளவுக்குத்தான்."

"அப்ப அது நான்தான்."

"எது?"

"வருத்தம் வந்த ஆள்." வாங்குப் பக்கம் கையைக் காட்டினான். "பத்துப் போத்தலும் என்ட, தங்கச்சி. இவனுகள் தோணியில போயிட்டானுகள். எனக்கிட்டத் தந்தானுகள். நான்தான் விட்டன்."

பிரஷாந்தி கையில் இருந்த பேனையை மேசையில் வைத்தாள்.

"அப்ப உங்கட பேர் போட்ட போத்தல்?"

"அது பிளேன்ரீ."

முதலில் சிரித்தது டொக்டர் ஸாஹிர்தான். சிரித்த வேகத்திலேயே நிறுத்திவிட்டு, எழும்பி வந்து, உதயரூபனின் காலுக்குக் கீழே குந்தி, காற்சட்டையை உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே அமத்திப் பார்த்தார். பல்கலைக்கழகத்துச் சேர் ஒருவர் தன் காலடியில் குந்துவதைப் பார்க்க உதயரூபனுக்குக் கூச்சமாக இருந்தது. சேற்றைக் கழுவிக்கொண்டு வந்திருக்கலாம் என்று பட்டது.

"எவ்வளவு நாளா இந்த வீக்கம்?"

"மழைக்காலத்தில இருந்து, சேர்."

"பிரஷாந்தி, பிரஷர் பாருங்க. இவருக்கு முதல்ல எடுப்பம்."

பிரஷாந்தியின் கண் நிறைந்திருந்தது. அவள் கைப்பட்டியைச் சுற்றினாள். "அதுதான் உங்கட போத்தலில மணமே இல்லாம இரிந்தது" என்றாள். "நான் நினைச்சன் எவ்வளவு சுத்தமான மனிசன் எண்டு."

"எழுதினதெல்லாம் வீணாப் போயிற்று என்ன?"

"போயிற்றுத்தான்." மானியைப் பார்த்தாள். முகம் மாறியது. "அண்ணன், அத விடுங்க. பிரஷர் இருநூறு நிக்குது. நீங்க இண்டைக்குச் சொல்லாட்டி..."

அன்று பின்னேரமே பீடத்து வானில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அனுமதித்தார்கள். பார்க்க வந்த கேதீஸ்வரி கட்டில் பக்கத்தில் நின்று அழுதாள். அழுது முடியக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் மூத்திரம் தானம் குடுத்த மனிசன், தனக்கு மட்டும் தேத்தண்ணியா?" என்றாள். பக்கத்துக் கட்டில் கிழவர் இருமி இருமிச் சிரித்தார்.

கன காலமாகக் கவனிக்காத ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறது. பாதிக்கு மேல் மிச்சம். இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே விட்டிருந்தால் மெஷினில்தான் ரத்தம் சுத்திகரிக்க வேண்டி வந்திருக்கும் என்று டொக்டர் ஸாஹிர் சொன்னார். இப்போது நாளுக்கு மூன்று குளிசை, மாதம் ஒரு கிளினிக், உப்புக் குறைத்த கறி. கூட்டாளிகள் அவனுக்கு முன்னால் கருவாடு தின்பார்கள். ரசித்துத் தின்பார்கள். அது அவர்கள் விதித்த தண்டனை. மங்கையற்கரசியின் கிணற்றுக்கு வந்த பழியை அவன் சும்மா கழுவவில்லை. ஒரு முழுநாள் இறங்கிச் சேறு அள்ளிக் கழுவிக் கொடுத்தான்.

பிரஷாந்தி பழையதைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். மீன்பிடிக்கிற ஊரில் விடிகாலைச் சலம் கேட்டால் என்ன நடக்கும் என்று. அமர்வில் பேசினபோது மண்டபம் சிரித்ததாம். கேள்விகளும் நிறைய வந்ததாம். மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது.

மூன்று மாதத்துக்குப் பிறகு டொக்டர் ஸாஹிர் அவனை இரண்டாம் வருஷ மாணவர்களுக்கு முன்னால் நிறுத்தினார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நூறு பேர் இருக்கிற விரிவுரை மண்டபத்தில், கையில் மைக்கோடு.

"ஆரும் எங்களுக்கிட்ட எத்தின மணிக்குத் தோணி தள்ளுவீங்க எண்டு கேக்கல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பம். நாங்களும் வெட்கத்தில வாயத் திறக்கல்ல. அதால ரெண்டு பகுதியிலயும் பிழை." மைக்கை மற்றக் கைக்கு மாற்றினான். "ஆனா அந்தப் போத்தல் வந்திருக்காட்டி நான் இல்ல. அவ்வளவுதான் புள்ளையள்." மைக்கைக் கொடுத்துவிட்டு அவசரமாகக் கீழே இறங்கினான். மூக்கைத் துடைத்ததை முன்வரிசை மட்டும் பார்த்தது.

இந்த வருஷம் ஆய்வின் இரண்டாம் சுற்று. பிரஷாந்தி ஒன்பது மணிக்கு, தோணிகள் வருகிற துறைக்கே ஐஸ் பெட்டியோடு வந்தாள். கக்கூசு வாசலில் கதிரை போட்டு இருந்தது உதயரூபன். ஒவ்வொருவராகத்தான் உள்ளே விட்டான். போகும்போது வெறும் போத்தல்தானா என்று பார்த்தான், வரும்போது சூடு இருக்கிறதா என்று தொட்டும் பார்த்தான்.

நல்லரத்தினம் வெளியே வந்து நிறைந்த போத்தலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது என்ட. சொந்தச் சரக்கு. வேணுமெண்டா நீயும் கொஞ்சம் எடு மச்சான், கடனத் தீர்ப்பம்."

"வேணாம் மச்சான். இந்த முறை என்டய நானே விட்டுக்கிறன்."

அவனுடைய பெயர் ஒட்டின போத்தலைப் பிரஷாந்தி எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு எழும்பினவன், கதிரைக்குக் கீழே வைத்திருந்த பையை அவளிடம் கொடுத்தான். கால் கட்டின நண்டுகள், ஆறோ ஏழோ, உள்ளே நெளிந்துகொண்டு இருந்தன.

"என்னண்ணன் இது?"

"பயப்பிடாதீங்க தங்கச்சி, முழுக்க நண்டுதான். இதில நான் ஒண்டும் கலக்கல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். பத்துப் பேரும் வெளியே நின்று கைதட்டினார்கள்.