புரட்டாசியில் வந்த சால்மன்

மீன் விற்பவனின் பேச்சை யாரும் நம்புவதில்லை. மீனின் செவுளைத்தான் நம்புகிறார்கள். எதையாவது விற்றுப் பிழைக்கும் அன்பர்களே, உங்களுக்கு இது புரியும். அமெரிக்காவில், சுகர் லேண்ட் என்ற ஊரில் கல்லூரி நண்பன் சேகரோடு சேர்ந்து மளிகைக் கடை நடத்துகிறேன். மீன் கவுண்டர் என் பொறுப்பு. வஞ்சிரம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் வாராவாரம் தவறாமல் கிடைக்கும் நார்வே பண்ணை சால்மனைக் கொண்டுவந்தேன். சேகர் கெடு வைத்தான்: “தீபாவளிக்குள்ள இது நகரணும். இல்லேன்னா கவுண்டரைத் தூக்கிட்டு ஸ்வீட் ஸ்டால் போட்டுடுவேன்.”

முகம்

முதலில் வந்தவர் ஒரு தூத்துக்குடிக்காரர், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். நீளத் துண்டாகக் கிடந்த சால்மனைப் புரட்டிச் செவுளைத் தேடினார், கண்ணைத் தேடினார். தலையை அங்கேயே எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “முகமே காட்டாத மீனை எப்படிங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?”

நிறம்

அடுத்து ஒரு இளம்பெண். “கலர் சேர்த்திருக்கா அங்கிள்?” என்றாள். ஆம் என்றோ இல்லை என்றோ முடித்திருக்கலாம். நானோ எல்லாவற்றையும் சொன்னேன். கடலில் வலைக் கூண்டுக்குள் வளர்க்கிறார்கள். செலவில் பெரும்பகுதி தீனிக்குப் போகிறது. அந்தத் தீனியில் நிறத்துக்கான சத்தையும் சேர்க்கிறார்கள். சேர்க்காவிட்டால் சதை வெளிறிப்போய் யாரும் வாங்கமாட்டார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு பாக்கெட் பனீர் எடுத்தாள். “ஜாப் இன்டர்வியூலயும் இப்படித்தான் பேசுவீங்களா அங்கிள்?”

மாதம்

அவளிடம் எல்லாவற்றையும் கொட்டியது நேர்மையா, இல்லை எனக்கே அந்த மீன்மேல் நம்பிக்கை இல்லையா என்று வீடு திரும்பும் ஃப்ரீவே முழுக்க யோசித்தேன். யோசனையில் இன்னொன்றைக் கோட்டைவிட்டேன். பண்ணையில் வருஷம் முழுக்க அறுவடை. அதனால் வாராவாரம் ஒரே அளவு எடுப்பவர்களுக்குத்தான் சப்ளையர் விலை குறைப்பார். நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். புரட்டாசி பிறந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அசைவத்தை நிறுத்திவிட்டார்கள். பெட்டிகள் மட்டும் நிற்காமல் வந்தன. சேகர் அவற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “நார்வேக்காரனுக்குப் புரட்டாசி தெரியாது, சரி. உனக்குமாடா தெரியாது?”

விருந்து

அந்தச் சனிக்கிழமை யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா ஒருவர் வந்தார். அவர்களுடைய சர்ச்சில் ஞாயிறு விருந்து. என் முகத்தையும் நிரம்பி வழிந்த ஐஸ் பெட்டியையும் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். பாதி மீனை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரத்துக்கும் ஆர்டர் கொடுத்தார். “உங்கட ஆக்கள் விரதம் முடிக்குமட்டும் நாங்கள் சாப்பிடுறம், தம்பி. ஆனா முடிஞ்ச உடன எங்களுக்கு விலையை ஏத்திப் போடாதேங்கோ!”

கெடு

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு கடை கொள்ளாத கூட்டம். எல்லோருக்கும் வஞ்சிரம்தான் வேண்டும். கடலில் காற்று, படகு போகவில்லை, வஞ்சிரம் வரவில்லை. ஒரு மாதம் வாயைக் கட்டியவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்களா? முணுமுணுத்துக்கொண்டே சால்மனை வாங்கினார்கள். மதியத்துக்குள் பெட்டி காலி. சேகர் வந்து காலிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். “சரி, ஸ்வீட் ஸ்டாலை வாசல் பக்கம் போட்டுக்கறேன். நீ இங்கேயே நாறிக்கிட்டு இரு.”

ருசிக்காக இல்லாமல், எப்போதும் கிடைக்கிறதே என்பதற்காக வாங்கப்படும் மீனால்தான் என் கவுண்டர் பிழைத்தது. என் வீட்டில் என்னை வைத்திருப்பதற்கும் அதுதான் காரணமோ என்று அவ்வப்போது தோன்றுகிறது.